வீட்டுக்காரர் கையெழுத்துத் தர மறுக்கிறார், விசா ஜனவரி 18 வரைதான்

வாசகர் கடிதம் (சுருக்கம்): வணக்கம் அக்கா. எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். முதுநிலைப் படிப்புக்காக அக்டோபர் 4ஆம் தேதி ஜெர்மனி வந்தேன். எந்த நகரம் என்று போட வேண்டாம். மாணவர் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு ஃபிளாட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு எடுத்தேன். மாதம் 420 யூரோ, இரண்டு மாத முன்பணம். குடிவந்த பிறகுதான் "இந்த முகவரியில் பதிவு செய்ய முடியாது" என்கிறார், அறையைக் கொடுத்த வாடகைதாரர். கையெழுத்தும் தர மறுக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன், 150 யூரோ கொடுத்தால் தன் வீட்டு முகவரியில் பதிவு செய்து தருகிறேன் என்கிறார். என் விசா ஜனவரி 18 வரைதான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் மார்ச் வரை அப்பாயின்ட்மென்ட் இல்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் அக்காவுக்குக் கல்யாணம், நான் ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியுமா? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, அதனாலும் பிரச்சினை வருமா?

தம்பி,

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது, விசாவைப் பற்றி மூன்றே வரி. எனக்கு உறுத்துவது அந்த மூன்று வரிதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் பதின்மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் பலரும் இந்த வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள் என்று நினைக்கிறார்கள். முதலில் முகவரிப் பதிவு, அது முடிந்தால் வங்கிக் கணக்கு, கடைசியில் குடியிருப்பு அனுமதி. முதல் படியிலேயே கால் மாட்டிக்கொண்டதும், மற்றவை தானாகக் காத்திருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் விசா காத்திருக்காது. முகவரிப் பதிவு ஆனாலும் ஆகாவிட்டாலும் ஜனவரி 18 வந்துவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், சட்டம் பார்ப்பது நீங்கள் விண்ணப்பித்த தேதியைத்தான். கவுன்ட்டரில் போய் உட்கார்ந்த தேதியை அல்ல. உங்களிடம் இருப்பது 'டி' வகை தேசிய விசா. அது முடிவதற்குள் குடியிருப்பு அனுமதி கேட்டு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை அந்த விசாவே தொடர்வதாகக் கொள்ள வேண்டும் என்று ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டம் 81ஆம் பிரிவில் சொல்கிறது. தங்குவது, படிப்பது, பகுதிநேர வேலை பார்ப்பது எல்லாம் அப்படியே தொடரும். அப்பாயின்ட்மென்ட் மார்ச்சில் கிடைத்தாலும் சரி, ஏப்ரலில் கிடைத்தாலும் சரி. ஆனால் ஒருநாள் தாண்டி, 19ஆம் தேதி விண்ணப்பித்தால் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. அப்புறம் அதிகாரியின் மனசைப் பொறுத்தது.

எப்படி விண்ணப்பிப்பது? உங்கள் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலக இணையதளத்தில் படிப்புக்கான ஆன்லைன் விண்ணப்பம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதில் போட்டு, முடிவில் வரும் ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் ஒன்றும் பதிவு அஞ்சலில் ஒன்றுமாக அனுப்புங்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று மட்டும் எழுதிவிட்டு, விண்ணப்பித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அதை விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளாத அதிகாரி உண்டு. அதனால் சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே எழுதுங்கள்: "என் தேசிய விசா ஜனவரி 18 அன்று முடிகிறது. குடியிருப்புச் சட்டம் 16பி பிரிவின்படி படிப்புக்கான குடியிருப்பு அனுமதிக்கு இக்கடிதம் மூலம் விண்ணப்பிக்கிறேன். முடிவு வரும்வரைக்கான இடைக்காலச் சான்றையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதை ஜெர்மனில் எழுதிப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், இப்போது இருக்கும் முகவரி போட்டுக் கையெழுத்து வையுங்கள். ஜெர்மன் சரியாக வரவில்லை என்றால் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குப் போங்கள், அவர்கள் தினமும் எழுதும் கடிதம்தான் இது.

கூடவே பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல், இந்த அரையாண்டுக்கான மாணவர் சேர்க்கைச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம், பிளாக்ட் அக்கவுண்ட் (மாதம் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று முடக்கி வைத்த வங்கிக் கணக்கு) சான்று. அந்தக் கணக்கில் 11,904 யூரோ போட்டு வந்திருப்பீர்கள், மாதம் 992 யூரோ உங்கள் கைக்கு வருகிறது. மூன்று மாதத் தொகையை எடுத்ததால் மீதி குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். செலவுக்காகப் போட்ட பணம் செலவாகும் என்பது அவர்களுக்கும் தெரியும். இன்றைய தேதியிட்ட மீதிச் சான்று ஒன்றை எடுத்து வையுங்கள். அது தீர்ந்ததும் அடுத்த ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருங்கள், அப்பா அனுப்புவாரோ, நீங்கள் சம்பாதிப்பதோ, எதுவாக இருந்தாலும். முகவரிப் பதிவுச் சான்று இன்னும் கையில் இல்லை, வந்ததும் அனுப்புகிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது இல்லை என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதை இந்த வாரமே செய்யுங்கள். டிசம்பர் 24க்குப் பிறகு புத்தாண்டு முடியும்வரை இங்கே அலுவலகங்கள் பாதி தூக்கத்தில் இருக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஓடினால், உங்களைப் போலவே ஓடி வரும் இன்னும் பலரோடு வரிசையில் நிற்பீர்கள்.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம்.

ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். 'ஆன்மெல்டுங்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்கு, வீடு கொடுத்தவர் "இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது அவர் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை. பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அவருக்கு வைத்திருக்கும் கடமை. தராவிட்டால் அவருக்கு ஆயிரம் யூரோ வரை அபராதம் விதிக்க முடியும்.

வாடகைதாரர்தானே, அவரால் எப்படிக் கையெழுத்துப் போட முடியும், வீட்டுச் சொந்தக்காரர்தானே போட வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அறை கொடுத்தவர் யாரோ, அவரே போடலாம். முதன்மை வாடகைதாரரின் கையெழுத்து செல்லும். பிறகு ஏன் மறுக்கிறார்? அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கம்தான். நடுவில் ஒரு வரி இருக்கும்: வீடு கொடுப்பவர் சொந்தக்காரர் இல்லையென்றால், சொந்தக்காரரின் பெயரை இங்கே எழுதவும். அந்த வரிதான் அவருக்குப் பயம். சொந்தக்காரரிடம் கேட்காமல் அறையை உள்வாடகைக்கு விட்டிருப்பார். விஷயம் வெளியே தெரிந்தால் அவர் குடியிருப்பே போய்விடும் என்று நினைக்கிறார். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் நான் பார்த்த பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இதுதான்.

இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரிப் போகும். சண்டை வேண்டாம். "நான் இங்கே இருக்கிறேன், பதிவு செய்வது என் சட்டக் கடமை, உங்களுக்கும் அபராதம் வரும். நீங்கள் சொந்தக்காரரிடம் அனுமதி கேளுங்கள், அந்தக் கடிதம் எழுத நானும் உதவுகிறேன்" என்று சொல்லுங்கள். வீட்டின் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட, நியாயமான காரணம் இருந்தால் வாடகைதாரர் அனுமதி கேட்கும் உரிமை இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. முதலில் வாய்ப்பேச்சு, பிறகு அதையே மின்னஞ்சலில், ஒரு வாரம் கெடு வைத்து எழுதுங்கள். எழுத்தில் இருப்பது பிறகு உதவும்.

கெடு தாண்டியும் தரவில்லையா? அப்போது நீங்கள் அதைப் பதிவு அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை ஒப்பந்தம், வாடகை செலுத்திய வங்கிப் பரிமாற்றங்கள், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கிருந்து அவரிடம் நேரடியாகக் கேட்கலாம். வாடகையை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் இருந்திருந்தால் இந்த இடத்தில்தான் கை கட்டிப்போகும். இந்த மாதத்திலிருந்தாவது வங்கி வழியாகக் கொடுங்கள்.

இவ்வளவு தூரம் போனால் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் இன்னொரு பக்கம் வேறு அறை தேடிக்கொண்டே இருங்கள். மாணவர் விடுதியின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மறுபடி கேளுங்கள். ஓர் அரையாண்டுக்கு வந்த பரிமாற்ற மாணவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் ஊருக்குக் கிளம்புவார்கள், அப்போது இடம் காலியாகும். விடுதி என்றால் அந்தத் தாளை ஒப்பந்தத்தோடேயே தந்துவிடுவார்கள். முன்பணம் விஷயத்தில் ஒன்று: பொதுவாக மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, மூன்று தவணையில் கட்டவும் உரிமை உண்டு. அறையைப் பார்க்காமல், யாரோ அனுப்பிய படத்தை நம்பி ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

நண்பன் வீட்டு முகவரியில் பதிவு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே தங்கினால், செய்யலாம். நண்பன் தன் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு உங்களுக்குக் கையெழுத்துப் போடட்டும். நீங்கள் ஓரிடத்தில் தூங்கி, காகிதம் மட்டும் இன்னோரிடத்தில் இருக்கக் கூடாது.

அந்த 150 யூரோ அண்ணன் விஷயத்தை இப்போது சொல்கிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். குடியிருக்காத ஒருவருக்குப் பதிவுக்காக முகவரி கொடுப்பது இங்கே சட்டப்படி தடை. கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட முடியும். அது அவர் பாடு என்று நினைக்காதீர்கள். அந்தப் பொய் முகவரியை வைத்துத்தான் நீங்கள் குடியிருப்பு அனுமதி கேட்பீர்கள். அனுமதி வாங்குவதற்காகப் பொய்த் தகவல் தருவது வெறும் அபராதத்தோடு போகாது, குற்ற வழக்கு ஆகும் விஷயம். 150 யூரோவில் ஒரு சின்னக் காகிதச் சிக்கலைத் தீர்க்கப்போய், படிப்பையே அடகு வைப்பீர்கள்.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலும் அது உதவாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எங்கள் பிரிவுக்கு வந்து அழுதாள். இப்படித்தான் ஒருவரிடம் முகவரி வாங்கியிருக்கிறாள். இரண்டு மாதத்தில் அவர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார். வெளிநாட்டவர் அலுவலகம் விரல்ரேகைக்கு அழைத்த கடிதம், காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், வரி எண் வந்த கடிதம், எல்லாம் அந்தக் காலி வீட்டுத் தபால் பெட்டிக்கே போயின. அழைத்த நாளில் போகவில்லை என்று கோப்பை ஓரம் வைத்துவிட்டார்கள். அதைத் திரும்ப எடுக்க வைக்க அவளுக்கு ஒரு முழு அரையாண்டு போயிற்று. இந்த நாட்டில் முக்கியமான எதுவும் தபாலில்தான் வரும், தம்பி. முகவரி என்பது நீங்கள் தபால் வாங்கும் இடம்.

அதனால் இதை இன்று மாலையே செய்யுங்கள். கீழே போய்த் தபால் பெட்டியையும் அழைப்பு மணிப் பலகையையும் பாருங்கள். நம் ஊரில் கதவு எண் இருந்தால் போதும், தபால்காரர் கேட்டாவது கொண்டுவந்து கொடுப்பார். இங்கே பெரும்பாலான கட்டடங்களில் ஃபிளாட் எண்ணே கிடையாது. தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் பார்ப்பார். உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நான் மாணவியாக வந்த முதல் குளிர்காலத்தில், என் பெயரை நோட்டுப் புத்தகத் தாளில் பேனாவால் எழுதிச் செலோடேப் போட்டு ஒட்டினேன். வாசலுக்கு வெளியே இருந்த பெட்டி அது. நான்கு நாள் சாரல், மை கரைந்து ஊதாக் கறை மட்டும் மிஞ்சியது. காப்பீட்டு அட்டை இரண்டு முறை திரும்பிப் போன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அச்சிட்டு, மேலே முழுக்க டேப் போட்டு ஒட்டுங்கள். நண்பன் வீட்டுக்குப் போனால், நாம் 'மே/பா' என்று எழுதுவோமே, அதே போல 'சி/ஓ' போட்டு நண்பன் பெயரையும் முகவரியில் சேருங்கள்.

பெட்டியில் எந்தப் பெயர்? இது உங்கள் சர்நேம் கேள்வியோடு சேர்ந்தது, தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் இடத்தில் ஏறியிருக்கும், சிலருக்கு உங்களைப் போல எல்லாம் ஒரே வரியில் இருந்து மற்றது காலியாக இருக்கும். ஜெர்மன் கணினிக்குக் காலி இடம் பிடிக்காது. ஓர் அலுவலகம் உங்கள் பெயரை முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் போடும், இன்னொன்று முதல் பெயர் இடத்தில் போட்டுவிட்டு மற்றதில் ஒரு கோடு போடும். இதில் தவறு யாருடையதும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் 'கார்த்திக் முருகேசன்', பதிவில் 'முருகேசன் கார்த்திக்', காப்பீட்டில் 'கார்த்திக் எம்' என்று மூன்று ஆட்கள் உருவாகிவிட்டால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில், அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், இயந்திரம் படிப்பதற்கு. அதில் உள்ள பெயரையே எல்லா இடத்திலும் அடிப்படையாகச் சொல்லுங்கள். விசாவில் எப்படி ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள். பதிவு முடிந்ததும் ஒரு சான்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அதை மடித்துப் பையில் வைக்காமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், வீட்டு எண். பிழை இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். வெளியே வந்துவிட்டால் அதற்கு இன்னொரு அப்பாயின்ட்மென்ட். பெட்டியில் மட்டும், எந்தெந்த வடிவத்தில் கடிதம் வர வாய்ப்பிருக்கிறதோ அத்தனையும் எழுதுங்கள், இடம் இருக்கிறது.

முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் என்று ஓர் இடம் வரும். பலரும் சாதாரணமாக நிரப்பிவிடுவார்கள். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று பதிவானவர் பிறகு வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும்போது, அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகச் சேர்ந்து பிடிக்கப்படும். உண்மையை எழுதுங்கள், ஆனால் அது எதற்கான கேள்வி என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்ற பயத்தையும் எழுதியிருந்தீர்கள். சட்டப்படி தாமதத்துக்கும் அபராதம் உண்டு. நான் பார்த்தவரை, தானாக வந்து, வீட்டுக்காரர் கையெழுத்துத் தராத கதையை மின்னஞ்சலோடு காட்டியவர்கள் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையோடு திரும்பியிருக்கிறார்கள். குடிவந்த தேதியை மட்டும் முன்னே பின்னே மாற்றி எழுதிவிடாதீர்கள். அக்டோபர் என்றால் அக்டோபர்.

பதிவு ஆனதும் சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வேலைக்குச் சேரும்போது முதலாளி கேட்பது இதைத்தான். வேலை என்றதும் ஒன்று: 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். சொந்தத் தொழிலாகப் பதிவு செய்து சாப்பாடு டெலிவரி செய்வது இந்தக் கணக்கில் வராது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். சேர்த்துவிடும் ஆட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பிறகு வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. மோசடி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அது உண்மையானது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். கூட இருப்பவர் கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணை எழுதிப் பதில் அனுப்புங்கள், பங்கைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி கல்யாணம். கடிதத்தில் நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 18க்குள் போய்த் திரும்புவதாக இருந்தால் இப்போதுள்ள விசாவே போதும். தை மாதக் கல்யாணம் என்பதால் அது முடியாது. பிப்ரவரியில் திரும்பி வரும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? குடியிருப்பு அட்டை வந்திருந்தால் கவலையே இல்லை. ஆனால் அது பெர்லினில் அச்சாகி வர வேண்டிய அட்டை. விரல்ரேகை கொடுத்த பிறகே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு மார்ச்சுக்கு முன் அப்பாயின்ட்மென்ட்டே இல்லை, எனவே அட்டையை மறந்துவிடுங்கள்.

மீதி இருப்பது அந்த இடைக்காலச் சான்று. இங்கே அதை ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்பார்கள், நம் பிள்ளைகள் சுருக்கமாக 'ஃபிக்ட்ஸியோன்' என்கிறார்கள். மடித்த தாள், உள்ளே உங்கள் படம் ஒட்டியிருக்கும். அதன் மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள். எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் பயணமே இருக்கிறது. மூன்றாவது கட்டம், அதாவது பழைய விசா தொடர்வதாகக் கொள்ளப்படுகிறது என்ற வரி, குறி போட்டிருந்தால், அந்தத் தாளையும் முடிந்துபோன விசா உள்ள பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டி ஜெர்மனிக்குள் திரும்ப வரலாம். முதல் இரண்டு கட்டங்களில் ஒன்று என்றால் நாட்டுக்குள் தங்கலாம், வெளியே போனால் அதைக் காட்டித் திரும்ப முடியாது. உங்களுக்கு, விசா முடிவதற்குள் விண்ணப்பித்தால், மூன்றாவது கட்டம்தான் வர வேண்டும். ஆன்லைன் ரசீதோ, மின்னஞ்சல் நகலோ இங்கே தங்கியிருக்கப் பாதுகாப்பு தரும், ஆனால் விமான நிலையத்தில் அதை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

எனவே விண்ணப்பத்திலேயே பயணத் தேதியைக் குறிப்பிட்டு, அக்காவின் கல்யாணப் பத்திரிகையையும் ஒரு பக்க மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். நெருங்கிய உறவின் திருமணம் என்றால் இடைக்காலச் சான்றுக்கு மட்டும் முன்கூட்டியே நேரம் தந்த அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், தராதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜனவரி முதல் வாரத்தில் பதில் இல்லையென்றால் உங்கள் பல்கலைக்கழகப் பிரிவின் வழியாக ஒரு நினைவூட்டல் அனுப்பச் சொல்லுங்கள். தாள் கிடைத்தால், முடிந்தவரை நேராக ஜெர்மனியில் இறங்கும் விமானத்தைப் பிடியுங்கள். இந்தத் தாளைப் பற்றித் தெரியாத விமான நிறுவன ஊழியர்கள் சென்னையிலும் இருக்கலாம், இடையில் மாறும் ஊரிலும் இருக்கலாம். ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். பிப்ரவரி இங்கே தேர்வு மாதம் என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

தாள் கிடைக்காவிட்டால் போகாதீர்கள். இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. என் தம்பி கல்யாணத்தை நானும் இங்கிருந்து கைபேசியில்தான் பார்த்தேன், தாலி கட்டும் நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஆனால் போய்விட்டுத் திரும்ப முடியாமல் சென்னையில் மறுபடி விசாவுக்கு விண்ணப்பித்து, ஓர் அரையாண்டை இழந்து நிற்பதை உங்கள் அக்காவும் விரும்ப மாட்டார். வீட்டில் இப்போதே நிலைமையைச் சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் சொல்வதைவிட அது அவர்களுக்கு நல்லது. டிக்கெட்டுக்கு அப்பா பணம் கட்டும் முன், சான்றின் மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து, பெயரையும் எண்ணையும் மறைத்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் கட்டம் என்று பார்த்து அன்றே பதில் எழுதுகிறேன்.